ஜப்பானில் சிகரெட் இயந்திரமும் வயதுச் சான்று அட்டையும்: டாஸ்போ முடிந்த பிறகு என்ன செய்வது? ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் தெருமுனைச் சிகரெட் இயந்திரத்தில் பணம் போட்டால் மட்டும் பாக்கெட் விழாது. வாங்குபவருக்கு 20 வயது நிரம்பிவிட்டது என்பதற்கு ஓர் அட்டை சாட்சி சொல்ல வேண்டும். 2008-ஆம் ஆண்டு முதல் அந்த வேலையைச் செய்துவந்தது ‘டாஸ்போ’ அட்டை. 2026 மார்ச் 31-ஆம் தேதியோடு அதன் சேவை முடிவுக்கு வந்தது. பழைய அட்டையைப் பணப்பையில் வைத்திருப்பவர்களுக்கு இனி அதனால் பயனில்லை. அண்மையில் வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்களுக்கு, இயந்திரம் எந்த அட்டையைக் கேட்கிறது என்பதே புரிவதில்லை.

மூன்று தரப்பினரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்: ஜப்பானில் வாழும், புகைபிடிக்கும் பெரியவர்கள், வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர், கொன்பினி எனப்படும் அன்றாடப் பொருள் கடைகளின் கவுண்டரில் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர்கள். புகைபிடிப்பதை ஊக்குவிக்க எழுதவில்லை. 20 வயதுக்குக் கீழ் உள்ள ஒரு பிள்ளையின் கைக்குச் சிகரெட் போகாமல் தடுப்பதில், இயந்திரத்தைவிட அட்டையின் சொந்தக்காரருக்கே பெரிய பங்கு என்று உறுதியாக நம்புகிறேன்.

தொடங்கும் முன்: வயது 18 அல்ல, 20

2022 ஏப்ரல் 1 முதல் ஜப்பானில் வயதுவந்தோருக்கான வரம்பு 20-இலிருந்து 18 ஆகக் குறைந்தது. பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் 18 வயதில் வாடகை ஒப்பந்தம் போடலாம், கடன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மதுவும் புகையிலையும் 20-லேயே நின்றுவிட்டன. இந்தியச் சட்டப்படி புகையிலை விற்பனைக்கான வயது 18 என்பதால், நம் ஊரில் கடையில் வாங்கிப் பழகிய 19 வயது மாணவர் இங்கே வந்ததும் சட்டத்தின் மறுபக்கத்தில் நிற்கிறார். மொழிப் பள்ளிக்கு வரும் இளைஞர்களிடம் யாராவது முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

சிறார் புகைப்பதைத் தடுக்கும் இந்தச் சட்டத்துக்கு வயது நூற்றிருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் நெமோட்டோ ஷோ முன்னின்று கொண்டுவந்த சட்டம் 1900-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் அமைப்பைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் எல்லாம் தெளிவாகும். புகைத்த பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. கையில் இருப்பதைப் பறிமுதல் செய்வதோடு சரி. பிள்ளை புகைப்பது தெரிந்தும் தடுக்காத பெற்றோருக்குச் சிறு அபராதம் உண்டு. வயது தெரிந்தே விற்றவருக்கு 5 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கலாம். விற்ற ஊழியரோடு கடையின் உரிமையாளரும் பொறுப்பாவார். பாரம் முழுவதும் பெரியவர்களின் தோளில்தான் இருக்கிறது. சூடேற்றிப் புகைக்கும் ஐகோஸ் போன்றவற்றில் செருகும் குச்சிகளும் புகையிலைதான். அவற்றுக்கும் இதே வயது வரம்பு.

அட்டை ஏன் வந்தது

ஒரு காலத்தில் ஜப்பானியத் தெருக்களில் லட்சக்கணக்கான சிகரெட் இயந்திரங்கள் இருந்தன. மூதாட்டி ஒருவர் நடத்தும் சிறு புகையிலைக் கடை, அதன் வாசலில் இரண்டு மூன்று இயந்திரங்கள் என்பது எந்தக் குடியிருப்புப் பகுதியிலும் காணக் கிடைத்த காட்சி. கடை மூடிய பிறகும் இயந்திரம் விற்றுக்கொண்டே இருக்கும். யார் வாங்குகிறார்கள் என்று கேட்க ஆளில்லை. 1996-இல் புகையிலை விற்பனையாளர்கள் தாங்களாகவே ஒரு கட்டுப்பாட்டை ஏற்றார்கள்: வெளியே நிற்கும் இயந்திரங்கள் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை இயங்காது. பள்ளி விட்டு வரும் பிள்ளை மாலை 4 மணிக்கு வாங்குவதை அது எப்படித் தடுக்கும்?

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் ஜப்பான் 2004-இல் சேர்ந்தது. 2005 பிப்ரவரியில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. விற்பனை இயந்திரங்கள் சிறாருக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. இயந்திரங்களையே தடைசெய்யும் வழியும் அதே பிரிவில் இருக்கிறது. இங்கிலாந்து 2011 அக்டோபரில் அந்த வழியில் போனது. ஜப்பான் இயந்திரங்களை வைத்துக்கொண்டு பூட்டு மாட்டும் வழியைத் தேர்ந்தெடுத்தது. ஜெர்மனியும் அப்படியே: அங்கே 2007 முதல் வங்கி அட்டையின் சில்லு வயதைச் சொல்லியது. அங்கே தனி அட்டை தேவைப்படவில்லை. ஜப்பான் சிகரெட்டுக்கென்றே தனியாக ஓர் அட்டையைச் செய்தது. இந்த வேறுபாடுதான் பிறகு நடந்த பலவற்றுக்கும் காரணம்.

அட்டைக்கான சோதனை 2004-இல் ககோஷிமா மாவட்டத்தின் தானெகாஷிமா தீவில் நடந்தது. ஜப்பானின் ராக்கெட் ஏவுதளம் இருக்கும் அதே தீவு. நாலாபுறமும் கடல் சூழ்ந்த தீவு என்பதால், பக்கத்து ஊருக்குப் போய் வாங்கிவரும் வாய்ப்பு குறைவு. சோதனைக்குத் தோதான இடம். 2008 மார்ச்சில் ககோஷிமா, மியாசாகி மாவட்டங்களில் தொடங்கி, ஜூலைக்குள் டோக்கியோ உட்பட நாடு முழுவதும் அட்டை கட்டாயமானது. வயதறியும் கருவி பொருத்தாத இயந்திரத்துக்கு நிதி அமைச்சகம் விற்பனை உரிமம் தராது என்றானது. புகையிலைக்கு ஏன் நிதி அமைச்சகம் என்று வியக்க வேண்டாம்: ஜப்பானில் புகையிலை வணிகச் சட்டம் அந்த அமைச்சகத்தின் கையில்தான் இருக்கிறது.

டாஸ்போவை ஜப்பான் புகையிலை நிறுவனங்களின் சங்கம் நடத்தியது. விண்ணப்பப் படிவம், புகைப்படம், அடையாளச் சான்றின் நகல் ஆகியவற்றைத் தபாலில் அனுப்பினால் புகைப்படம் பதித்த அட்டை இலவசமாக வீட்டுக்கு வரும். அட்டைக்குள் இருந்த சில்லை இயந்திரத்தின் தகட்டில் காட்டினால் பொத்தான்கள் உயிர்பெறும். இயந்திரம் டோகோமோ நிறுவனத்தின் கைபேசி அலைவரிசை வழியாக மையத்தோடு பேசியது. அதனால் தொலைந்த அட்டையை முடக்க முடிந்தது. அந்த அலைவரிசையே இறுதியில் டாஸ்போவின் ஆயுளையும் முடித்தது. டோகோமோவின் மூன்றாம் தலைமுறைச் சேவையான ஃபோமா 2026 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டது, டாஸ்போவும் அதே நாளில்.

படி 1: பழைய டாஸ்போ அட்டையை என்ன செய்வது

அட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து ஏமாற வேண்டாம். 10 ஆண்டு செல்லுபடி என்று தேதி 2030-ஐக் காட்டினாலும், பேசுவதற்கு மறுமுனையில் மையம் இல்லை.

அந்த அட்டையில் ‘பிடெல்’ என்ற முன்பணச் சேவையும் இருந்தது. அதில் பணம் ஏற்றி வைத்தவர்கள் அட்டையை வெட்டும் முன், மீதி இருக்கிறதா, அதைத் திருப்பிப் பெறும் கால வரம்பு எது என்று சங்கத்தின் அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். முன்பணச் சேவையை மூடும் நிறுவனம் மீதித் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜப்பானியச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் கோருவதற்கான காலம் முடிந்துவிட்டால் கேட்க முடியாது.

பிறகு சில்லின் குறுக்கே வெட்டிக் குப்பையில் போடலாம். புகைப்படமும் பெயரும் இருப்பதால் முழுதாக எறிய வேண்டாம்.

படி 2: உங்களிடம் எந்த அட்டை இருக்கிறது

இப்போது இயந்திரங்கள் ஏற்கும் அட்டைகள் இரண்டு: ஜப்பானிய ஓட்டுநர் உரிமம், மை நம்பர் கார்டு (ஜப்பானில் வசிப்பவர்களுக்கு அரசு தரும் அடையாள அட்டை). எல்லா இயந்திரமும் இரண்டையும் ஏற்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். இயந்திரத்தின் முகப்பில், அட்டை வாய்க்கு அருகே, எந்த அட்டை என்று படம் போட்டிருக்கும். படத்தில் இல்லாத எதையும் உள்ளே நுழைக்க வேண்டாம்.

ரெசிடென்ஸ் கார்டு (வெளிநாட்டவருக்கான வசிப்பு அட்டை), பாஸ்போர்ட், மாணவர் அட்டை, இந்திய அல்லது இலங்கை ஓட்டுநர் உரிமம், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் போன்றவற்றை மட்டும் வைத்திருப்பவர்கள் இயந்திரத்தோடு போராடாமல் கடைக்குப் போவதே மேல். விலையில் வேறுபாடு இல்லை. ஜப்பானில் ஒவ்வொரு வகைச் சிகரெட்டின் சில்லறை விலைக்கும் நிதி அமைச்சகத்தின் ஒப்புதல் உண்டு. இயந்திரத்திலும் கொன்பினியிலும் புகையிலைக் கடையிலும் ஒரே விலை. தள்ளுபடி தேடி அலையத் தேவையில்லை.

சுற்றுலா வந்தவர்களுக்கு இயந்திரம் எப்போதுமே உதவியதில்லை. டாஸ்போ காலத்திலும் ஜப்பானில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அட்டை கிடைத்தது.

படி 3: மை நம்பர் கார்டு எடுப்பது

சிகரெட்டுக்காக இதை எடுக்க வேண்டாம். எப்படியும் உங்களுக்கு இது தேவைப்படும். 2024 டிசம்பர் 2 முதல் புதிய மருத்துவக் காப்பீட்டு அட்டைகள் அச்சிடப்படுவதில்லை. அந்த வேலையையும் இந்த அட்டைதான் செய்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் அனுமதியோடு வந்து, வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிந்ததும், 12 இலக்க எண்ணோடு ஒரு கடிதம் தபாலில் வரும். அதோடு வரும் விண்ணப்பத்தாளில் ஒரு கியூஆர் குறியீடு இருக்கும். அதைக் கைபேசியில் படம்பிடித்துத் திறந்தால் விண்ணப்பப் பக்கம் வரும். பின்னணியில் எதுவும் இல்லாத, தொப்பி அணியாத, நேராகப் பார்க்கும் புகைப்படம் ஒன்றை ஏற்ற வேண்டும். தாளில் அனுப்புவதானால் 4.5 க்கு 3.5 சென்டிமீட்டர் அளவு. ரயில் நிலைய வாசலில் நிற்கும் புகைப்படக் கூண்டுகள் பலவற்றிலிருந்தே விண்ணப்பத்தையும் அனுப்பிவிடலாம். முதல் அட்டைக்குக் கட்டணம் இல்லை.

ஏறத்தாழ ஒரு மாதத்தில் அட்டை தயார் என்று அஞ்சலட்டை வரும். அதையும் ரெசிடென்ஸ் கார்டையும் எடுத்துக்கொண்டு, அறிவிப்பில் குறிப்பிட்ட அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். அங்கே இரண்டு ரகசிய எண்கள் வைக்கச் சொல்வார்கள்: ஒன்று 4 இலக்கம், மற்றொன்று எழுத்தும் எண்ணும் கலந்து 6 முதல் 16 வரை. 4 இலக்க எண்ணை மூன்று முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். திறக்கப் பொதுவாக மீண்டும் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பிறந்த தேதியை ரகசிய எண்ணாக வைக்காதீர்கள். அட்டையின் முகத்திலேயே பிறந்த தேதி அச்சாகியிருக்கிறது.

வெளிநாட்டவர் பலர் சறுக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. ஜப்பானியப் பெரியவர்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் அனுமதி பெற்றவர்களுக்கும் அட்டை வாங்கியபின் வரும் பத்தாவது பிறந்தநாள் வரை அது செல்லும். மற்றவர்களுக்கு அட்டையின் ஆயுள் விசாவின் ஆயுளோடு முடிகிறது. விசாவைப் புதுப்பித்துப் புதிய ரெசிடென்ஸ் கார்டு வாங்கியதும், ‘எல்லாம் முடிந்தது’ என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். குடியேற்ற அலுவலகம் உங்கள் மை நம்பர் கார்டின் தேதியை மாற்றித் தராது. பழைய தேதி முடிவதற்குள் வார்டு அலுவலகத்துக்குப் போய் நீங்களே நீட்டித்துக்கொள்ள வேண்டும். தவறினால் அட்டை செத்துவிடும். மறுபடியும் விண்ணப்பம், 1,000 யென் கட்டணம், ஒரு மாதக் காத்திருப்பு. இடையில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அலைச்சல் வேறு. விசா புதுப்பித்த அதே வாரத்தில் வார்டு அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்வந்துவிடுங்கள்.

படி 4: ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள்

உரிமம் படிக்கும் இயந்திரங்கள் 2008-இலேயே டாஸ்போவுக்கு மாற்றாக அறிமுகமாகிவிட்டன. கருவி அட்டையின் முகத்தில் அச்சான பிறந்த தேதியைப் படிக்கிறது. ஆகவே உறையிலிருந்து எடுத்து, அழுக்கோ கீறலோ இல்லாமல் நுழைக்க வேண்டும்.

ஒரு புதுச் சிக்கலைக் கவனியுங்கள். 2025 மார்ச் 24 முதல் ஓட்டுநர் உரிமத்தை மை நம்பர் கார்டுக்குள் இணைத்துக்கொள்ளலாம். இணைக்கும்போது பழைய பிளாஸ்டிக் உரிமத்தையும் வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று கேட்பார்கள். விட்டுவிட்டால், உரிமத்தை மட்டும் படிக்கும் இயந்திரத்தில் நுழைக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

இந்திய உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்றும் தேர்வு 2025 அக்டோபரில் கடினமாக்கப்பட்டது. முன்பு 10 கேள்விகள். இப்போது 50, அவற்றில் 45-க்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

படி 5: இயந்திரத்தின் முன்

கண்ணாடிக்குப் பின்னால் மாதிரிப் பாக்கெட்டுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் விலை, அதன் கீழ் ஒரு பொத்தான். பொத்தானில் சிவப்பாக இரண்டு எழுத்துகள் எரிந்தால் சரக்கு தீர்ந்துவிட்டது என்று பொருள், வேறொன்றைப் பாருங்கள். இதை முதலில் பார்த்துக்கொண்டு பிறகு பணம் போடுவது நல்லது.

10, 50, 100, 500 யென் நாணயங்களும் 1,000 யென் நோட்டும் போடலாம். 1 யென், 5 யென் நாணயங்கள் வேண்டாம். 2024 ஜூலை 3-இல் புதிய நோட்டுகள் வந்தன. 1,000 யென் நோட்டில் மருத்துவ ஆய்வாளர் கிதாசாதோ ஷிபாசாபுரோவின் படம் இருக்கிறது. நோட்டு வாயை மாற்றாத பழைய இயந்திரங்கள் அதைத் துப்பிவிடும். புதிய 500 யென் நாணயத்துக்கும் சில இடங்களில் அதே கதி. 100 யென் நாணயங்களாகக் கையில் வைத்திருப்பது தொல்லையில்லாத வழி.

பணம் போட்டபின் அட்டையைக் காட்டவோ நுழைக்கவோ வேண்டும். இந்த வரிசை இயந்திரத்துக்கு இயந்திரம் சற்று மாறலாம். சிறிய திரையில் வரும் எழுத்தையும், ஒளிரும் விளக்கையும் பின்தொடருங்கள். வயது உறுதியானதும் பொத்தான்கள் ஒளிரும். ஒன்றை அழுத்தினால் பாக்கெட் கீழே விழும் சத்தம் கேட்கும்.

பாக்கெட்டையும் சில்லறையையும் எடுக்கும் முன் அட்டையை எடுங்கள். டாஸ்போ தொலைந்தால் ஒரு சிகரெட் அட்டை தொலைந்தது, அவ்வளவுதான். இப்போது தெருவில் ஒரு இயந்திரத்திடம் நீங்கள் நீட்டுவது உங்கள் மருத்துவக் காப்பீடு, ஓட்டுநர் உரிமம், அரசுச் சேவைகள் எல்லாவற்றுக்குமான அட்டை. தொலைந்துவிட்டால் உடனே மை நம்பர் இலவச எண்ணான 0120-95-0178-ஐ அழைத்து முடக்குங்கள். முடக்கும் சேவை 24 மணி நேரமும் உண்டு. பிறகு அருகில் உள்ள போலீஸ் சாவடியில் புகார் கொடுத்து வையுங்கள். புது அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் புகார் எண்ணைக் கேட்பார்கள்.

இயந்திரம் மறுத்தால்

மணியைப் பாருங்கள். இரவு 11-ஐத் தாண்டியிருந்தால் வெளி இயந்திரம் எதற்கும் அசையாமல் இருக்கலாம். பணத்தைப் போட்டுவிட்டு அட்டை ஏற்கப்படவில்லையென்றால், திருப்பித் தரும் நெம்புகோலைத் திருகினால் பணம் வந்துவிடும்.

அட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள். இயந்திரத்தின் மேல் நிர்வகிப்பவரின் தொலைபேசி எண் ஒட்டியிருக்கும். ஜப்பானின் விற்பனை இயந்திரங்களில் அது நிற்கும் இடத்தின் முகவரியும் சிறு தாளில் ஒட்டப்பட்டிருக்கும். அவசர உதவியை அழைப்பவர்கள் தாங்கள் நிற்கும் இடத்தைச் சொல்ல வசதியாக வைத்த ஏற்பாடு அது. ஜப்பானிய முகவரியை வாயால் சொல்லத் திணறும் நமக்கு அது பெரிய உதவி. கடை ஒட்டியிருந்தால் உள்ளே போய்ச் சொன்னாலே போதும்.

படி 6: அட்டையை யாருக்கும் கொடுக்காமல் இருப்பது

டாஸ்போவின் பதினெட்டு ஆண்டு வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இந்தப் படியில்தான் இருக்கிறது. அதனால் சற்று நின்று பேசுகிறேன்.

இயந்திரம் அட்டையைப் பார்த்தது. அதை நீட்டிய கையைப் பார்க்கவில்லை. அட்டையில் புகைப்படம் இருந்தும் அதை ஒப்பிட்டுப் பார்க்க யாரும் இல்லை. அறிமுகமான முதல் ஆண்டிலேயே, பிள்ளைக்குத் தன் அட்டையைக் கொடுத்த பெற்றோர் மீது போலீஸ் நடவடிக்கை எடுத்த செய்திகள் வந்தன. சில கடைக்காரர்கள் விற்பனை சரிவதைப் பார்த்து, தங்கள் சொந்த அட்டையைக் கயிற்றில் கட்டி இயந்திரத்திலேயே தொங்கவிட்டார்கள். அட்டை எடுக்காத வாடிக்கையாளர்களுக்கு உதவி என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் பூட்டு மாட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டது போலத்தான் அது. சங்கம் அதை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று.

கியோட்டோவின் ஃபூஜிதாகா நிறுவனம் அட்டையே இல்லாத வழி ஒன்றைக் கொண்டுவந்தது. இயந்திரத்தில் பொருத்திய கேமரா, முகத்தின் சுருக்கங்களையும் எலும்பமைப்பையும் பார்த்து வயதைக் கணிக்கும். சந்தேகம் வந்தால் ஓட்டுநர் உரிமம் கேட்கும். 2008-இல் நிதி அமைச்சகம் இதற்கும் ஒப்புதல் தந்தது. அதே ஆண்டில் ஒரு விளையாட்டு நாளிதழ், வார இதழில் வந்த புகைப்படத்தைக் காட்டியே இயந்திரத்தை ஏமாற்ற முடிகிறது என்று எழுதியது.

டாஸ்போ அவ்வளவு எளிதாகக் கைமாறியதற்குக் காரணம், அதற்கு வேறு எந்த மதிப்பும் இல்லாததே. சிகரெட் வாங்குவதைத் தவிர எதற்கும் பயன்படாத ஓர் அட்டையை நண்பனிடம் தருவதில் யாருக்கும் தயக்கம் இல்லை. ஓட்டுநர் உரிமத்தை அப்படித் தருவார்களா? மை நம்பர் கார்டை? இந்த வகையில் புதிய முறை பழையதைவிட வலுவானது என்று நினைக்கிறேன். சில்லும் திரையும் செய்ய முடியாத வேலையைச் சொந்தக்காரரின் தயக்கம் செய்கிறது.

அந்தத் தயக்கம் வீட்டுக்குள் இருக்காது என்பதுதான் கவலை. அப்பாவின் பணப்பை கதவருகே மேசையில் கிடக்கும். அட்டை அதிலேயே இருக்கும். குடும்பத்தில் எல்லோருடைய மை நம்பர் கார்டையும் ஒரே உறையில் போட்டு, மருத்துவமனைக்குப் போகும்போது பிள்ளையிடமே எடுத்துவரச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பதின்ம வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் பெரியவர்களின் அட்டைகளைத் தனியாக வையுங்கள். ‘எனக்கு ஒரு பாக்கெட் வாங்கி வா’ என்று பிள்ளையை அனுப்பும் ஊர்ப் பழக்கத்தை இங்கே முற்றாக விட்டுவிடுங்கள். அந்த ஏவல் உங்களை நேராகச் சட்டத்தின் முன் நிறுத்தும்.

இன்னொரு விவரம். டாஸ்போ அட்டையைக் காட்டும்போதெல்லாம் எந்த இயந்திரம், எந்த நேரம் என்பது பதிவாகியது. புலனாய்வு அதிகாரிகள் கேட்டபோது அந்தப் பதிவுகள் கொடுக்கப்பட்டது 2009-இல் செய்தியாகிப் பெரும் விவாதமானது. ஓட்டுநர் உரிமத்தில் அச்சான தேதியைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பித் தரும் முறைக்கு உறுப்பினர் பட்டியலே தேவையில்லை. தனியுரிமையைப் பெரிதாகக் கருதுபவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பது நியாயமே.

படி 7: கொன்பினியில் வாங்குவதும் விற்பதும்

2008-இல் அட்டை எடுக்க மனமில்லாத புகைப்பவர்கள் கூட்டமாகக் கொன்பினிக்குத் திரும்பினார்கள். சிகரெட் வாங்க வந்தவர் கையோடு ஒரு காபியும் சோற்றுருண்டையும் வாங்கிப் போனார். அந்த ஆண்டு கொன்பினிகளின் மொத்த விற்பனை முதல்முறையாகப் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் விற்பனையைத் தாண்டியதற்கு டாஸ்போவும் ஒரு காரணம் என்று சொல்லப்பட்டது. தெரு இயந்திரங்கள் அதன்பின் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றன.

கவுண்டருக்குப் பின்னால் உள்ள அடுக்கில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் இருக்கும். பெயரைச் சொல்லித் தடுமாற வேண்டாம். 25-ஆம் எண் வேண்டுமானால் ‘நிஜூகோ பான், ஹிதோட்சு குதசாய்’ என்றால் போதும். ஊழியர் பட்டைக்குறியீட்டைக் காட்டியதும் உங்கள் பக்கத் திரையில் 20 வயது நிரம்பியவரா என்ற கேள்வி வரும். தொட்டு உறுதிசெய்ய வேண்டும். இளமையாகத் தெரிந்தால் சான்று கேட்பார்கள். இங்கே ரெசிடென்ஸ் கார்டும் பாஸ்போர்ட்டும் செல்லும். கேட்டால் கோபப்படாதீர்கள். அந்த ஊழியர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

வாங்கியதைத் தெருவில் நடந்தபடியே பற்றவைக்க வேண்டாம். டோக்கியோவின் சியோடா வார்டு 2002-லேயே தெருவில் புகைப்பதற்குப் பணத் தண்டம் கொண்டுவந்தது, 2,000 யென். ஒசாகா நகரம் 2025 ஜனவரி 27 முதல் நகரம் முழுவதும் தடைசெய்துவிட்டது; 1,000 யென்.

விட்டுவிட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: புகை நிறுத்தச் சிகிச்சைக்கு 2006 முதல் மருத்துவக் காப்பீடு உண்டு. 12 வாரத்தில் 5 முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும். 35 வயது நிரம்பியவர்களுக்கு, ஒரு நாளில் பிடிக்கும் சிகரெட் எண்ணிக்கையைப் புகைத்த ஆண்டுகளால் பெருக்கினால் 200 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். இளையவர்களுக்கு 2016 முதல் அந்த நிபந்தனை இல்லை. காப்பீட்டுக்குக் காட்ட வேண்டியதும் அதே மை நம்பர் கார்டுதான்.

இனி கவுண்டரின் மறுபக்கம் நிற்கும் மாணவர்களுக்கு. வாரம் 28 மணி நேர அனுமதியில் கொன்பினியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர். திரையில் வாடிக்கையாளர் தொட்டுவிட்டால் தன் பொறுப்பு தீர்ந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. எதிரே நிற்பது பள்ளிச் சீருடையில் உள்ள பையன் என்றால், அவன் திரையை எத்தனை முறை தொட்டாலும் நீங்கள் விற்கக் கூடாது. அபராதம் உங்கள் பெயரில் வரலாம். விசா புதுப்பிக்கும் நேரத்தில் அந்தப் பதிவு உங்களுக்குத் தேவையில்லாத சுமை.

கேட்க வேண்டிய வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘மிபுன் ஷோமெய்ஷோ ஓ ஓனெகாய் ஷிமஸ்.’ அடையாளச் சான்றைக் காட்டுங்கள் என்று பணிவாகக் கேட்பது. ஜப்பானியச் சான்றுகள் சிலவற்றில் பிறந்த ஆண்டு அரசர் ஆண்டுக் கணக்கில் இருக்கும். ஹெய்செய் என்னும் அரசர் காலத்தின் 1-ஆம் ஆண்டு 1989. ஆக ஹெய்செய் எண்ணோடு 1988-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஹெய்செய் 18 என்றால் 2006. 2026-இல் 20 வயது நிரம்பும் ஆண்டு அது, பிறந்தநாள் முடிந்ததா என்று பார்க்க வேண்டும். ஹெய்செய் 19 என்றால் 2027 வரை கிடையாது. இந்த ஒரு கணக்கைச் சிறு தாளில் எழுதி, கல்லாவின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் எண்ணை ஒன்று கூட்டி மாற்றி எழுதுங்கள். வாடிக்கையாளர் சத்தம் போட்டால் வாக்குவாதம் செய்யாமல் மேலாளரை அழைத்துவிடுங்கள்.